சதத்தின் தடிப்பு

சென்ற மாதம் பதுளையிலிருந்து ஓர் இஞ்சினியர் என்னைத் தேடி வந்தார். நான் வேலை பார்த்த பட்டறை இப்போது அவர் கையில் இருக்கிறது. கவ்வாத்துக் கத்திகளைத் துவைச்சலுக்கு முன்பே முழுக் கூராகச் சாணை பிடித்துவிட்டால் என்ன என்று கேட்டார். தேயிலைச் செடியை வெட்டிக் குறுக்குவது கவ்வாத்து. கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்குவது துவைச்சல். அவருக்கு இரண்டும் தெரியும், வாசகருக்காகச் சொல்கிறேன். கடினமான உருக்கைத் தேய்ப்பதில் கல்லும் நேரமும் வீணாகிறதாம். இளகிய நிலையிலேயே தீட்டி முடித்தால் அத்தனையும் மிச்சமாம். மின்சார உலை வந்துவிட்டதால் பயமில்லையாம்.

யாராவது பயமில்லை என்று சொன்னால் நான் பயப்படத் தொடங்குவேன். இது என் பிறவிக் குணமல்ல. எனக்கு மேலே இருந்த அம்பலவாணரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. வந்தவர் பாதிப் பதிலோடு பஸ் பிடிக்கப் போய்விட்டார். மீதிப் பாதியை எழுதி வைக்கிறேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் கொழும்பில் என் தொழில்நுட்பப் படிப்பு முடிந்தது. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல புத்தகங்கள், மோசமான சாப்பாடு. அதே வருடம் பதுளைக்குச் சற்று வெளியே, ஒரு தோட்டக் கம்பனியின் மத்திய பட்டறையில் உதவி இஞ்சினியராகச் சேர்ந்தேன். நமுனுகுலைச் சரிவுகளிலிருந்து ஹல்துமுல்லை வரை அந்தக் கம்பனிக்கு இருந்த தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் கத்தியும் மண்வெட்டியும் எங்கள் பட்டறையிலிருந்துதான் போயின. பழைய லொறிகளின் வில் தகடுகள்தான் எங்கள் உருக்கு.

பட்டறைக்குப் பொறுப்பாயிருந்த அம்பலவாணர் என்னைப் போலவே யாழ்ப்பாணத்தவர். மெலிந்த மனிதர். இடுப்பில் பட்டறைப் பூட்டுகளுக்கெல்லாம் திறப்புக் கோர்வை. அவர் வரும்போது கோர்வையின் சத்தம் முன்னால் வரும். சத்தம் வராத நாட்களில்தான் கவனமாக இருக்க வேண்டும். கோர்வையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி நமக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். மண்ணெண்ணெய் டின்னில் எண்ணெய் மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டிருப்பார். சவர்க்காரக் கட்டியில் ஊசிக் கீறல் இருக்கும். தன் மேசைப் பென்சிலை நூலால் மேசைக் காலோடு கட்டி வைத்திருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அந்த மேசைக்குப் போவதில்லை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. தொழிலாளரை அவர் எப்போதும் நீ என்றுதான் அழைப்பார். என்னை நீர் என்பார். யார் மீதாவது சந்தேகம் முற்றிவிட்டால் அந்த ஆளுக்கு மட்டும் நீங்கள் வரும். நான் சேர்வதற்கு முன்பு இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். இரண்டு பேருக்கும் முதலில் கிடைத்தது இந்த மரியாதைதான் என்று பட்டறையில் சொன்னார்கள். அதனால் பெரியய்யா, அவரை அப்படித்தான் அழைப்பார்கள், தங்களை நீ என்று திட்டினால் தொழிலாளர் நிம்மதியாக வேலைக்குத் திரும்புவார்கள்.

முதல் கிழமையே என்னைச் சோதித்தார். அடித்து உருவாக்கிய ஒரு கத்தியைக் கையில் தந்து, துவைச்சலுக்கு முன் மயிர் மழிக்கும் கூருக்குத் தீட்டச் சொன்னார். அப்படித் தீட்டினால் நெருப்பில் கெட்டுவிடும் என்றேன்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"புத்தகத்திலை கிடக்கு ஐயா."

"புத்தகம் எழுதினவன் எங்கடை உலையைப் பாத்தவனோ?"

தீட்டினேன். உலையிலிட்டு எண்ணெயில் இறக்கியபோது விளிம்பு பொரித்த அப்பளம் போல அலை அலையாக எழுந்து வந்தது. மறுநாள் இன்னொரு கத்தியைத் தந்து, தீட்டவே தீட்டாமல் துவைச்சல் போடச் சொன்னார். அது நேராகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கடினமான தடிப்பைச் சாணையில் தேய்த்துக் கூராக்க முழு நாளும் போயிற்று. தேய்த்த சூட்டில் விளிம்பில் நீலம் பாய்ந்து, பாய்ந்த இடமெல்லாம் மறுபடி இளகிவிட்டது. இரண்டு கத்திகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இப்ப உமக்குத் தெரியும். முந்தி நீர் நம்பிக்கொண்டிருந்தனீர், அவ்வளவுதான்."

பாடம் நல்ல பாடம்தான். ஆனால் நான் வேண்டுமென்றே கெடுத்துவிட்டு உருக்கைப் பழி சொல்கிறேனா என்று பார்க்க, இரண்டு நாளும் சுவரிலிருந்த ஒரு ஓட்டை வழியாக என்னைக் கவனித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சரியான அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. துவைச்சலுக்குப் போகும் கத்தியின் விளிம்பு கிட்டத்தட்ட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தடிப்பாக இருக்க வேண்டும். நெருப்பு மெல்லிய இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். முதுகு சிவப்பதற்குள் விளிம்பு வெந்துவிடும். அதனால் நெருப்பு தின்னட்டும் என்று ஒரு பங்கை விளிம்பில் விட்டுவைக்கிறோம். பிறகு ஈரக்கல்லில் அதைத் தேய்த்து எறிந்தால் உள்ளே நல்ல உருக்கு இருக்கும். இதை அளக்க, முன்பிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் பித்தளையில் ஓர் அளவுத் தகடு செய்து வைத்திருந்தார். தகட்டில் ஒரு வெட்டு. விளிம்பு அதில் இறுக்கமாக நுழைந்தால் சரி. ஆடினால் மெலிவு, நுழையாவிட்டால் தடிப்பு. அது சாணைக் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது.

சாணை பிடித்தவன் சூசை. முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டான், பேசினால் சுருக்கென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவான் என்று கேள்வி. உலையைப் பார்த்தவர் பெருமாள், அவனைவிட மூத்தவர். இருவரும் ஒரே லயத்தில், தொழிலாளருக்கான நீண்ட வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராக்களில் குடியிருந்தார்கள். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்களுக்கு ஒருவரைப் பற்றி மற்றவருக்கு என்ன நல்லெண்ணம் இருக்குமோ, அது அவர்களுக்கும் இருந்தது.

நான் வேலையில் சேர்ந்து சில வருடங்கள் கழித்து ஒரு தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஆணி இருந்தது, பித்தளைத் தகடு இல்லை. நான் இல்லாத நாட்களில் ஓர் எண்ணெய்க் கேத்தல் காணாமல் போயிருந்தது. எண்ணெய்க் கேத்தலைத் திருடியவன் அடுத்ததாகப் பித்தளையைத் திருடுவான் என்று அம்பலவாணர் முடிவு செய்து, தகட்டைத் தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு சதக் காசின் தடிப்புக்குத் தீட்டும்படி உத்தரவு. இரண்டும் ஒரே அளவுதான், அவரே ஒப்பிட்டுப் பார்த்தாராம். அவர் ஒப்பிட்டதாகச் சொன்னால் ஒப்பிட்டிருப்பார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வருடம் கவ்வாத்து தொடங்கிச் சில நாட்களிலேயே நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கத்திகள் திரும்பி வந்தன. எலி கடித்த ரொட்டி போல விளிம்பெல்லாம் அரைவட்டச் சில்லுகள் பெயர்ந்திருந்தன. சாக்கில் வந்த முதல் கட்டைப் பார்த்து, கல்லில் வெட்டியிருப்பார்கள் என்று அம்பலவாணர் சொன்னார். இரண்டாவது கட்டோடு மருதை என்ற கவ்வாத்துக்காரரே வந்தார். நெற்றியில் கட்டு. முற்றிய கிளையை வெட்டும்போது கத்தியின் நுனி முறிந்து பறந்து, புருவத்துக்கு மேலே ஏறியிருக்கிறது. அரை விரல் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும்.

"கத்திய எவன் செஞ்சான்னு கேக்க வரலீங்க," என்றார் மருதை. "மொகத்த மட்டும் ஒருக்கா பாத்துட்டுப் போயிர்றேன்."

பெருமாள் உடனே சாணைக் கல்லின் பக்கம் கையைக் காட்டினார். சூசை அதே நொடியில் உலையைக் காட்டினான்.

"காயிதம் மாதிரி சீவிக் கொண்டாந்து குடுத்தா, நெருப்பு தாலாட்டா பாடும்?"

"ஒல முன்னால ஒக்காந்து தூங்குறவருக்கு தாலாட்டு ஒண்ணுதான் கொறச்சல்ணே."

மருதை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்கு இரண்டு முகமும் பிடிக்கவில்லை என்று சொல்லி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மதியம் தோட்டத்துத் துரை டெலிபோனில் அம்பலவாணரை அழைத்து, காரணத்தைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டார். தொழிற்சங்கத்துக்காரர்கள் வேண்டுமென்றே கத்தியைக் கெடுக்கிறார்கள் என்று துரைமாருக்குள் பேச்சு இருந்தது. சூசை சங்கத்தில் சேர்ந்திருந்தான். பெருமாள் சேரவில்லை. டெலிபோனை வைத்தபோதே அம்பலவாணர் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

வேலை போனால் சூசைக்கு லயத்துக் காம்பராவும் போகும். அந்த வருடங்களில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. தோட்டத்துத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று சட்டம் வந்திருந்தது, அவன் அதற்கு மனுப் போட்டிருந்தான். இந்த நாட்டில் தொடர்ந்து இருந்து உழைக்கிறேன் என்று காட்ட வேண்டிய நேரத்தில், நாசவேலைக்காரன் என்ற பெயரோடு வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினால், மனைவியோடும் பிள்ளைகளோடும் ரோட்டில் நிற்க வேண்டும். அந்த ரோடு எந்த நாட்டு ரோடு என்பதும் தெரியாமல் நிற்க வேண்டும்.

நான் எல்லோரையும் சந்தேகித்தேன். முதலில் உருக்கை. வில் தகட்டில் பழைய வெடிப்பு இருந்திருக்கலாம். அடுத்து எண்ணெயை. தண்ணீர் கலந்திருந்தால் கத்தி வெடிக்கும். அதற்கடுத்து பெருமாளின் கண்ணை. ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு. சில்லு பெயர்ந்த கத்தியொன்றை வைஸ் பிடியில் இறுக்கி, சம்மட்டியால் அடித்து முறித்தேன். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் சலித்த சாம்பல் போலச் சாந்தமாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். விளிம்புப் பக்கம் சீனி போல மின்னியது. சீனி மின்னினால் அளவுக்கு மீறிய சூடு. உருக்கோ எண்ணெயோ பழுதென்றால் முதுகும் பழுதாகியிருக்கும். பெருமாள் தூங்கியிருந்தால் முதுகும் வெந்திருக்கும். அவர் எப்போதும் முதுகின் நிறத்தைப் பார்த்து, காந்தத்தையும் முதுகில்தான் தொட்டுப் பார்ப்பார். போதிய சூடேறி காந்தம் ஒட்டாமல் போனதும் எடுத்து எண்ணெயில் இறக்குவார். முதுகு சரியாக இருக்க விளிம்பு மட்டும் வெந்திருக்கிறது என்றால், விளிம்பு மெலிந்து போயிருக்கிறது. அப்பளமாக வளையும் அளவு மெலிந்திருந்தால் அன்றே பிடித்திருப்போம். இது பாதி மெலிவு. கண்ணுக்கு நேராக இருந்துகொண்டு உள்ளே கெட்டிருந்தது.

இதை அம்பலவாணரிடம் சொன்னேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் சூசையைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்திவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோர்வைச் சத்தமில்லாமல் அவர் பட்டறைக்குள் வந்தார். பெருமாளும் மருதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சூசை, நீங்கள் எந்த அளவுக்குத் தீட்டிறனீங்கள்?"

பெருமாள் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. இத்தனை நேரம் சூசையைக் காட்டிக்கொண்டிருந்தவர், நீங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சூசை தலைத்துண்டை அவிழ்த்து, முடிச்சிலிருந்து ஒரு சதத்தை எடுத்தான். துவைச்சலுக்குப் போகாத ஒரு கத்தியை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தான். விளிம்பும் காசும் ஒரே தடிப்பு. குறை சொல்ல இடமில்லை. அம்பலவாணர் தன் பணப்பையிலிருந்து இன்னொரு சதத்தை எடுத்துப் பட்டடைக் கல்லின் மேல் வைத்து, சூசையின் சதத்தை அதற்கு அருகில் வைத்தார். இரண்டுக்கும் குறுக்கே நகத்தை ஓட்டினார். நகம் படி ஏறுவது போல ஏறியது.

"தம்பி, பாரும். அரைவாசி. தேய்ச்சுப்போட்டார். அரசற்றை தலை போட்ட காசு, இது பொலிசுக்குப் போகவேண்டிய விசயம்."

சூசை சத்தியம் செய்யவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. இதுவும் உங்கள் இருவருடைய ஏற்பாடுதானே என்ற பார்வை.

நான் அந்தக் காசை எடுத்தேன். தேய்த்த காசில் முதலில் போவது முகம். இதில் அரசரின் காது மடல்கூட அப்படியே இருந்தது. திருப்பினேன். மரம் இருந்தது, எழுத்து இருந்தது, யுத்த காலத்து வருடம் இருந்தது. எல்லோருடைய சில்லறையையும் பட்டடைக் கல்லின் மேல் போடச் சொன்னேன். என் பையிலிருந்ததையும் போட்டேன். மருதை வெற்றிலைப் பையை உதறினார். சதங்களை மட்டும் பிரித்தபோது, தடித்தவையும் மெலிந்தவையும் கலந்து கிடந்தன. அதே அகலம், அதே அரசர். யுத்தத்துக்கு முன் அடித்தவை தடிப்பு. யுத்த காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க அடித்தவை பாதித் தடிப்பு. மிச்சம் என்ற சொல்லை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

"இத்தன வருசமா வெத்தில வாங்குறோம்," என்றார் பெருமாள், "கடக்காரன்கூட இதப் பாக்கலியே."

"அவனுக்கு சதம்னா சதந்தானே," என்றார் மருதை. நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார். "அப்ப என் மண்டையில ஏறுனது அரைச் சதம்."

அம்பலவாணர் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, தான் கொடுத்த சதம் எங்கே என்று சூசையைக் கேட்டார். கொடுத்தது தடித்த சதம்தான், அதில் அவருக்கு ஐயமில்லை. அதை மாற்றியவன் சூசை என்று இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது.

"நீங்க குடுத்தத அன்னைக்கு சாயந்தரமே திருப்பி வாங்கிட்டீங்களே, பெரியய்யா," என்றான் சூசை. "மறுநாளு எங் காச வச்சுத்தான் பாத்தேன்."

பித்தளை திருட்டுப் போகும் என்று பூட்டியவர், சதமும் திருட்டுப் போகும் என்று அதையும் மாலையில் திரும்ப வாங்கியிருக்கிறார். இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் இதோடு ஒப்புக்கொள்ளவில்லை. நடைமுறைப்படி பார்க்கலாம் என்றேன். ஒரே வில் தகட்டிலிருந்து இரண்டு கத்திகள் அடித்தோம். ஒன்றைத் தடித்த சதத்துக்கும் மற்றதை மெலிந்த சதத்துக்கும் சூசை தீட்டினான். இரண்டையும் பெருமாள் ஒரே நெருப்பில் காய்ச்சி, ஒரே எண்ணெயில் இறக்கி, பால் விடாத வெறுந்தேத்தண்ணியின் நிறம் வரும்வரை மறுபடி இளஞ்சூடு காட்டி எடுத்தார். நான் கிட்டப் போகக் கூடாது என்று அம்பலவாணர் சொல்லியிருந்ததால் வாசலில் நின்றேன். வைஸில் இறுக்கி முறித்ததும் அவர்தான். ஒன்றில் விளிம்புவரை சாம்பல். மற்றதன் விளிம்பில் சீனி. முறிந்த துண்டுகளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அவர் நேர்மையற்றவர் அல்ல. தன்னைச் சந்தேகிக்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. அன்றுதான் முதல் தடவையாக அதைச் செய்துபார்த்தார் என்று நினைக்கிறேன். அது அவருக்கு ஒத்துவரவில்லை.

துரைக்கு அறிக்கை எழுதும்படி என்னிடம் சொன்னார். விளிம்புகள் குறித்த அளவைவிட மெலிவாகத் தீட்டப்பட்டிருந்தன. சாணைக் கல்லில் பயன்படுத்தப்பட்ட அளவு அங்கீகரிக்கப்பட்ட அளவல்ல. அங்கீகரிக்கப்பட்ட அளவுத் தகடு மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது. இவ்வளவுதான் எழுதினேன். தீட்டியவர், பூட்டியவர், வாங்கியவர் யாருமே அதில் இல்லை. பொய்யும் இல்லை. சூசையின் வேலை தப்பியது. துரைக்கு ஆள் கிடைக்கவில்லை, கத்தி கிடைத்தது. பித்தளைத் தகடு லாச்சியை விட்டு வெளியே வந்து, சாணை மேசையில் சங்கிலியும் பூட்டுமாகத் தொங்கியது.

அறிக்கையை அம்பலவாணர் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் நல்லா எழுதியிருக்கிறியள்," என்றார்.

கந்தோரில் இருந்த கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். அடுத்த மழைக்கு முன்பே லுணுகலைப் பக்கத்து ஒரு சிறிய பட்டறைக்கு இடமாற்றம் வந்தது. காரணம் குறிப்பிடப்படவில்லை, அப்படி எழுதும் முறையை நானே அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன். அங்கே அறுபதுகளின் தொடக்கம் வரை இருந்தேன். எத்தனையோ கத்தி, ஒன்றும் யார் நெற்றியிலும் ஏறவில்லை. சொல்ல வேறொன்றுமில்லை.

ஒன்றைத் தவிர. நான் புறப்பட்ட காலையில், பெட்டியை பஸ்ஸில் ஏற்ற சூசையை அனுப்பியிருந்தார்கள். ரோட்டோரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பஸ் வளைவில் வருவது தெரிந்தது. அவன் குனியவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நீங்க எதுக்கு எனக்காகப் பேசுனீங்க? பெரியய்யா நாக்காலிக்கு ஆசப்பட்டுத்தான்னு பெருமாளண்ணே சொல்றாரு. சங்கத்துல உள்ளவங்க, பின்னால ஏதோ கேப்பீங்கன்னு சொல்றாங்க. எங்க வீட்டுலயும் பயப்படுறா."

அவனுக்கு இனிப்பாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் நம்பமாட்டான் என்றும் தெரிந்தது.

"உனக்காகப் பேசேல்லை, சூசை. விளிம்பு மெலிஞ்சு போச்சு. ஏன் மெலிஞ்சதெண்டு தெரியவேண்டியிருந்தது. உன்ரை இடத்திலை பெருமாள் நிண்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். சாணைக் கல்லிலிருந்து எடுத்த கத்தியை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"அப்படின்னா சரிங்க," என்றான்.

குனிந்து பெட்டியைத் தூக்கினான்.